முப்பத்தோராவது கேள்வி

அத்தியாயம் 14

காலை ஏழரை மணிக்கு அத்தை ஊசியில் நூல் கோத்துவிட்டார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் இந்த வீட்டுக்குப் புதியவர்களாகத்தான் இருக்க வேண்டும். நாலு வருஷமாக அவருடைய வலது கண்ணில் புகைமூட்டம். இடது கண் அதற்கு முன்பே கைவிட்டுவிட்டது. தையல் மிஷினை மிதித்தே மகனையும் மகளையும் ஆளாக்கிய டெய்லரம்மாவுக்கு, ஒரு பொத்தான் தைக்க மருமகளைக் கூப்பிட வேண்டி வந்ததில் தாங்க முடியாத கோபம். அந்தக் கோபத்தையும் மருமகள்மீதே காட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பது நாளைக்கு முன்னால் பெயர் தெரியாத ஒரு புண்ணியவானின் கருவிழியை அந்த வலது கண்ணில் வைத்துத் தைத்தார்கள். இன்று ஆறு தடவை தப்பி, ஏழாவது தடவை நூல் ஊசியின் காதுக்குள் போய்விட்டது.

"பெரியவளே! இங்க வா! வந்து பாரு!"

பெரியவள் என்றால் மருமகள். மகளைச் சின்னவள் என்றும் மருமகளைப் பெரியவள் என்றும் அத்தை கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. அண்ணி, நாத்தனார் இரண்டு பேருக்கும் வேலை ஒரே இடத்தில். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கருவிழி, எலும்பு, தோல் எல்லாவற்றையும் சோதித்து, பத்திரப்படுத்தி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் திசு வங்கி. இறந்தவரின் வீட்டாரோடு போனில் பேசி நாற்பது கேள்வி கேட்பது சின்னவளின் வேலை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 'அனுப்பலாம்' என்று கையெழுத்துப் போடுவது பெரியவளின் வேலை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு துணுக்குத் தோல்கூட அந்த வாசலைத் தாண்டாது.

"என்னடி, வாயடைச்சுப் போச்சா? நூல் கோத்திருக்கேன்!"

"பார்த்தேன் அத்தை. கண்ணைக் கசக்காதீங்க."

பாராட்ட வேண்டிய நேரம்தான். ஆனால் பெரியவளின் பார்வை மாடிப்படிப் பக்கம் போயிருந்தது. போன அத்தியாயத்தின் முடிவில் ஆபீஸ் போன் அடித்ததும் சின்னவள் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள் அல்லவா? அவள் இப்போதுதான் இறங்கி வந்தாள்.

"யாரு போன்ல?"

"ராங் நம்பர், அண்ணி."

ராங் நம்பரோடு யாரும் எட்டு நிமிஷம் பேச மாட்டார்கள். சின்னவளின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அம்மா நீட்டிக் காட்டிய ஊசியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியவள் அத்தைக்குச் சொட்டு மருந்து போட்டு, அட்டையில் காலை வேளைக்கு நேராக டிக் அடித்துவிட்டு, பேச்சு கொடுக்காமல் கிளம்பினாள்.

*

பத்து மணிக்குச் சின்னவள் பெரியவளின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அந்த அறைக்குக் கதவைச் சாத்தும் வழக்கமே கிடையாது. பக்கத்து அறையில் ஆளுயர உறைபெட்டிகள் ஆறும் உறுமிக்கொண்டிருக்கும். அதில் எது உறுமலை நிறுத்தினாலும் பெரியவளுக்கு முதலில் கேட்க வேண்டும்.

"அண்ணி, காலையில பேசினது ராங் நம்பர் இல்ல."

"அது எனக்கே தெரியும். யாரு?"

"பெயிண்டரோட வீட்டுக்காரம்மா."

மூன்று வாரத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு இறந்த பெயிண்டர். முப்பத்தாறு வயது. அவருடைய மனைவி அழுதுகொண்டே எல்லாவற்றையும் தானம் செய்தார். வங்கி அனுப்பிய நன்றிக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'அவர் உடல்நிலை பற்றிப் புதிதாக ஏதாவது தெரியவந்தால் தயவுசெய்து இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்.' அந்த அம்மாள் கடிதத்தை வரி விடாமல் படித்திருக்கிறார்.

"அவரோட வேலை பார்த்த ஆளு நேத்து வீட்டுக்கு வந்தாராம். வேலை நடந்த இடத்துல ஒரு நாய்க்குட்டி இருந்துச்சாம். அது அப்பவே செத்துப்போச்சாம். அது கடிச்ச வாட்ச்மேனை இப்ப ஆஸ்பத்திரியில கட்டிப்போட்டு வச்சிருக்காங்களாம்." சின்னவளின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "அதே குட்டி பெயிண்டரையும் கடிச்சிருக்கு. ரெண்டு மாசம் ஆச்சு. ஊசி போட்டுக்கல. காயம் ஆறிப்போச்சு. ஆனா கடைசி ரெண்டு நாளு அதே இடத்துல அரிக்குதுன்னு சொறிஞ்சுக்கிட்டே இருந்தாராம். விழுந்த அன்னிக்குக் காலையில தொண்டை வலிக்குதுன்னு தண்ணி டம்ளரைத் தள்ளிவிட்டுட்டாராம்."

வெறிநாய்க்கடி என்று பெரியவளுக்கு உடனே புரிந்தது. அந்த மனுஷன் ஏணியிலிருந்து ஏன் விழுந்தார் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை.

"முப்பத்தோராவது கேள்வி," என்றாள். "கடந்த ஒரு வருஷத்துல நாய், பூனை, வேற ஏதாவது கடிச்சுதா? அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

பெரியவள் கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துப் பிரித்தாள்.

"படிவத்துல 'இல்லை'ன்னு டிக் அடிச்சிருக்கியே?"

"அண்ணி… பதிவைக் கேளுங்க."

கேட்டார்கள். சின்னவளின் குரல் கனிவாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போனது. ரத்தம் ஏற்றியதுண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தியதுண்டா. முப்பதாவது கேள்விக்கு அந்த அம்மாள் பதில் சொல்லும்போது, பின்னால் ஒரு குழந்தையின் குரல்: "அப்பா எப்ப வருவாங்க?" அவ்வளவுதான், அந்த அம்மாள் உடைந்துபோய் அழுதார். அழுகைக்கு நடுவில் சின்னவளின் குரல்: "சரிம்மா, சரிம்மா. போதும். நீங்க குழந்தையைப் பாருங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

பதிவு அங்கே முடிந்தது. மிச்சத்தை அவள் பார்த்துக்கொண்ட லட்சணம் படிவத்தில் இருந்தது: முப்பத்தொன்று முதல் நாற்பது வரை, பத்து 'இல்லை'.

"கேட்க மனசு வரல, அண்ணி. பிள்ளை அப்பாவைக் கேட்குது, நான் நாய் கடிச்சுதா பூனை கடிச்சுதான்னு எப்படிக் கேட்பேன்? ரத்தத்துலதான் எல்லாச் சோதனையும் பண்றாங்களேன்னு…"

"அது ரத்தச் சோதனையில தெரியாது! அதுக்காகத்தான் அந்தக் கேள்வியே இருக்கு!"

கத்திய பிறகுதான் பெரியவளுக்குத் தன் கண்ணெதிரே இருந்தது தெரிந்தது. படிவத்தின் அடியில் ஒரு கட்டம். 'பேட்டியின் பதிவை முழுமையாகக் கேட்டேன்.' அதன் கீழே அவளுடைய கையெழுத்து. சொந்தக்காரர் எடுத்த பேட்டியைச் சொந்தக்காரர் சரிபார்க்கக் கூடாது என்பது விதி. சின்னவளின் பேட்டிகளை வழக்கமாகச் சரிபார்ப்பவர் அந்த வாரம் லீவு. எலும்பும் தோலும் மாதக்கணக்கில் உறைபெட்டியில் காத்திருக்கும், கருவிழி காத்திருக்காது. பதிவை ஓடவிட்டுப் பத்து நிமிஷம் கேட்டாள். தினமும் வீட்டில் கேட்கிற குரல்தானே, இதில் என்ன புதிதாகக் கேட்கப் போகிறோம் என்று நிறுத்திவிட்டுக் கையெழுத்தைப் போட்டாள். இவள் மட்டும் ஒழுங்கா?

"இதை அழிச்சிடலாமா, அண்ணி?" சின்னவள் கிசுகிசுத்தாள். "நான் கேட்டேன், அவங்கதான் இல்லைன்னாங்கன்னு சொல்லிடலாம். காலையில அவங்க பேசினது யாருக்கும் தெரியாது."

ஒரு நொடி பெரியவளுக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. அந்த நொடியை நினைத்து அவள் பின்னால் வெகுநாள் கூசினாள்.

"வாயை மூடு. எங்கெங்க போயிருக்குன்னு முதல்ல பார்ப்போம்."

வங்கியில் யாருடையது யாருக்குப் போகிறது என்று பெயர் தெரியாது. எண்தான். ஒவ்வொன்றோடும் ஒரே எண் அச்சிட்ட நாலு சிறிய ஒட்டுச்சீட்டுகள் போகும்; ஒன்று நோயாளியின் சொட்டு மருந்து அட்டையில் ஏறும். பெரியவள் கணினியில் பெயிண்டரின் பக்கத்தைத் திறந்தாள். எலும்பு, தோல் எல்லாம் இன்னும் உறைபெட்டியில். கருவிழி இரண்டும் போய்விட்டன. முதலாவது, நகரத்தின் மறுகோடியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு. இரண்டாவது…

அந்த எண் அவளுக்கு மனப்பாடம். 6-0417-2. தினமும் நாலு வேளை டிக் அடிக்கும்போது கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற எண். பழைய கோப்புகளில் அதைத் தேடிப் பார்ப்பது முறையல்ல என்று இந்தப் பத்தொன்பது நாளும் கைகட்டி இருந்தவள்.

"என்ன அண்ணி?"

பெரியவள் தன் கையைப் பார்த்தாள். இன்று காலையிலும் டிக் அடித்தாளே, இதே கையால்.

"அண்ணி, சொல்லுங்க! யாருக்குப் போயிருக்கு?"

"நம்ம வீட்டுக்கு," என்றாள் பெரியவள்.



*

தலைமை டாக்டர் கத்துவார் என்று பயந்தார்கள். அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பெரியவள் ஒன்றையும் மறைக்காமல் ஒப்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டே எழுந்துபோய், பெயிண்டரின் எலும்பும் தோலும் இருந்த மூன்றாம் உறைபெட்டியின் கதவில் சிவப்புப் பட்டையைக் குறுக்கே ஒட்டினார். இனி அதை யாரும் திறக்கக் கூடாது.

"இன்னும் சந்தேகம்தான்," என்றார். "தோலோட ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பறேன். முடிவு வர நாலு நாள் ஆகும். அது வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. இந்த நோய் வெளிய தெரிய ஆரம்பிச்சா அப்புறம் வைத்தியம் கிடையாது. தெரியறதுக்கு முன்னாடி ஊசி போட்டா பிழைக்க வைக்கலாம்."

முதல் கருவிழி ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போயிருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டரே போன் செய்தார். இருபது நிமிஷத்தில் பதில் வந்தது: வாத்தியார் ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்பிவிட்டார்.

"இன்னொருத்தரை நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. பன்னெண்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆகக் கூடாது. முதல்ல ஊசி. கருவிழியை எடுக்கணுமான்னு கண் டாக்டர் முடிவு பண்ணுவார். எடுக்கத்தான் சொல்லுவார்னு நினைக்கறேன்." அவர் சின்னவள் பக்கம் திரும்பினார். "விட்டுப்போன பத்துக் கேள்வியையும் இன்னிக்கே கேட்டு முடிக்கணும். நீங்கதான் கேட்கணும். அவங்களுக்குத் தெரிஞ்ச குரல் உங்களுதுதான்."

"அந்தக் கையெழுத்து…" என்று பெரியவள் ஆரம்பித்தாள்.

"அதை அப்புறம் பேசலாம்," என்றார். அந்த 'அப்புறம்' அவள் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு வீடு வரை வந்தது.

*

அத்தை ஒரு குழந்தைச் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக மிஷின் ஓடும் சத்தம் மாடிப்படியிலேயே கேட்டது.  கூட வந்த டாக்சி கீழே நின்றுகொண்டிருந்தது.

"என்ன, ரெண்டு பேரும் பாதி நாள்ல வந்து நிக்கிறீங்க? ஆபீஸைப் பூட்டிட்டாங்களா?"

சொல்வது என்று முடிவு செய்த பிறகு சுற்றி வளைக்கப் பெரியவளுக்குத் தெரியாது. சொல்லிவிட்டாள். நாய், பெயிண்டர், எண், ஊசி, எல்லாம். கருவிழியை எடுக்க வேண்டியிருக்கலாம் என்பதைக் கடைசியில் சொன்னாள்.

அத்தையின் கால் மிஷினின் மிதியிலேயே நின்றுவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். "நல்லா இருக்கேன். காலையில நூல் கோத்தேன்."

"இப்ப நல்லாத்தான் இருப்பீங்க அத்தை. வர்றது தெரியாம வரும்."

"வராது."

"அத்தை, வண்டி நிக்குது."

"நிக்கட்டும். பத்தொன்பது நாளுதான்டி ஆச்சு! இதையும் பிடுங்கிட்டா எனக்கு வேற கண் ஏது? முழுக் குருடியாகி மூலையில உட்காரவா? ஊசி வேணா போடுங்க. கண்ணைத் தொட விட மாட்டேன். அதுக்குச் சம்மதிச்சு வான்னா நான் வரல." அவர் குரல் நடுங்கியது. அத்தையின் குரல் நடுங்கி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "யாருடி அது, ஒரு கேள்வியை ஒழுங்காக் கேட்கத் தெரியாதவ?"

சின்னவள் சுவரோடு சுவராக நின்றாள்.

"நான்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றாள் பெரியவள்.

"நீ குறுக்க வராத. நான் கேட்டது வேற." பெற்றவளுக்குத் தெரியாதா? அத்தையின் ஒற்றைக் கண் மகளின் முகத்திலேயே நின்றது. "நீயா?"

"அந்தக் குழந்தை அழுதுச்சும்மா…"

"உனக்கு இரக்கம் ஜாஸ்தி. சின்ன வயசுலயே முள்ளு எடுக்கச் சொன்னா, வலிக்கும்னு பாதியில விட்டுட்டு வந்துடுவே." அத்தை மூச்சு வாங்கினார். "சரி. மிச்சக் கேள்வியெல்லாம் இப்பவாவது கேட்டாச்சா? காலையில அந்தப் பெயிண்டர் பொண்டாட்டி பேசினாளே, அப்ப?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். காலையிலும் அவள் கேட்கவில்லை. பயத்தில், 'நான் பார்த்துக்கறேம்மா' என்று சொல்லி வைத்துவிட்டாள். அதே வார்த்தை, இரண்டாவது தடவை.

"கேளு. இங்கயே உட்காரு, என் முன்னாடி. ஒண்ணு விடாம எல்லாத்தையும் கேளு. அப்புறம்தான் நான் எந்திரிப்பேன்."

பெரியவள் மணியைப் பார்த்தாள். பதினொன்றேகால். வாதாடினால் இன்னும் தாமதமாகும். படிவத்தை எடுத்துச் சின்னவளின் மடியில் வைத்தாள். சின்னவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். எண் இரண்டு தடவை தப்பிப் போனது.

"சொல்லுங்கம்மா," என்றது பெயிண்டரின் மனைவியின் குரல். "காலையிலேர்ந்து உங்க போனுக்குத்தான் காத்திருக்கேன். அந்தக் கண்ணு வாங்கினவங்க நல்லா இருக்காங்களா?"

 அத்தை தன் மடியில் கிடந்த சட்டையை மடித்தார்.

"இருக்காங்கம்மா," என்றாள் சின்னவள். "அன்னிக்கு நான் சில கேள்வியை உங்ககிட்டக் கேட்காமலே விட்டுட்டேன். தப்பு என்னுது. இப்பக் கேட்கறேன். கஷ்டமா இருந்தாலும் பதில் சொல்லணும்."

"கேளுங்க."

"முப்பத்தொண்ணு. நாய் கடிச்சதைப் பத்தி. எந்த இடத்துல, எப்படிக் கடிச்சுது?"

"கையில. மணிக்கட்டுக்கு மேல. ஒரு லீவு நாளு பாப்பாவையும் வேலை நடக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தார். குட்டியைத் தூக்கி விளையாடியிருக்கா. அது சீறவும் இவர் பிடிச்சு இழுத்திருக்கார், அப்பக் கடிச்சிருச்சு."

சின்னவள் அண்ணியை ஒருமுறை பார்த்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் இந்தத் தடவை வாய் நிற்கவில்லை.

"முப்பத்திரண்டு. வீட்டுல வேற யாரையாவது கடிச்சுதா? நகம் பட்டுதா, நக்கிச்சா?"

"கடிக்கலம்மா. பாப்பாவுக்கு லேசாக் கீறல்தான். ரத்தம்கூடப் பெருசா வரல. அதுக்கெல்லாம் ஊசி எதுக்குன்னு…" குரல் தயங்கியது. "ஏம்மா?"

"கீறல் ஆறிடுச்சா?"

"அது ஆறி எவ்வளவோ நாளாச்சு. என்ன, முந்தாநாள்லேர்ந்து அங்கயே அரிக்குதுன்னு சொறிஞ்சுக்கிட்டு இருக்கா. கொசுக்கடியா இருக்கும்னு களிம்பு தடவிவிட்டேன்."

பெரியவள் கணக்குப் போட்டாள். முப்பத்திரண்டாவது கேள்வியை மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், மூன்று வாரத்துக்கு முன்னாலேயே அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டிருக்கலாம். சின்னவளும் அதையேதான் நினைத்தாள் என்பது அவள் வாயைப் பொத்திக்கொண்டதில் தெரிந்தது.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். அத்தை எழுந்துவிட்டார். சொட்டு மருந்து அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அட்ரஸ் கேளு," என்றார் மகளிடம். "எனக்கு ஊசி போடப் போற வண்டியிலயே அவங்களையும் ஏத்திக்கலாம்."

"அம்மா, உன் கண்ணு…"

"கண்ணு கிடக்கட்டும். எடுத்தா எடுத்துக்கட்டும். அந்த மனுஷன் புள்ளையைக் காப்பாத்தப் போய்க் கடி வாங்கியிருக்கான். அவன் கண்ணை வச்சுக்கிட்டு நான் இங்க உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கணுமா? கேளுடி அட்ரஸை!"

சின்னவள் கேட்டாள். பெரியவள் எழுதிக்கொண்டாள். கால் மணி நேர தூரம். பன்னிரண்டுக்குள் போய்விடலாம். பெரியவள் மாமியாரின் கையைப் பிடித்தாள். அது ஐஸாகச் சில்லிட்டிருந்தது. எவ்வளவு பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு இந்த மனுஷி எழுந்து நிற்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உடனே கிளம்பி வாசல்ல நில்லுங்கம்மா," என்றாள் சின்னவள் போனில். "பாப்பாவையும் கூட்டிட்டு. நாங்க வந்துக்கிட்டே இருக்கோம்."

"எதுக்கும்மா? பயமா இருக்கு."

"நேர்ல சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். ஒண்ணையும் மறைக்க மாட்டேன்."

"சரிம்மா." போனை வைக்காமலே அந்த அம்மாள் உள்பக்கம் திரும்பிக் கூப்பிடுவது கேட்டது. "பாப்பா, செருப்பைப் போடு. வெளிய போறோம். காலையிலேர்ந்து ஒண்ணுமே இறங்கல, இந்தத் தண்ணியையாவது குடிச்சுட்டு வா."

மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழும் சத்தம். பிறகு அந்த அம்மாள் திரும்பி வந்து, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"வேணாங்கறாம்மா. டம்ளரைத் தள்ளிவிட்டுட்டா. தொண்டை வலிக்குதாம்."

அத்தை அதற்குள் வாசற்படிக்கு வந்துவிட்டிருந்தார்.

"ஓடுங்கடி," என்றார்.